நிரல்பட நிறுத்தல்

எழுதுவது ஒரு கலை. எழுதியதை ஒழுங்குற நிறுத்துவது மற்றொரு கலை. முன்னதைப் பலரும் பயில்கின்றனர். பின்னதன் அருமையை உணர்ந்தோர் சிலரே.

கடைக்காரர் ஒருவர் தம் நாள் வரவைத் தாளில் குறித்து வைக்கிறார் என்று கொள்வோம். பொருளின் பெயர், அதன் விலை, அடுத்த பொருளின் பெயர், அதன் விலை என்று இடைவிடாது தொடர்ந்து எழுதிக்கொண்டே போனால், அதில் பிழை ஒன்றும் இராது. ஆயினும் மாலையில் தொகையைக் கூட்ட முனையும்போது அவர் கண் தடுமாறும். ஒரு விலையை இரு முறை கூட்டுவார், மற்றொன்றை விட்டுவிடுவார். அதே செய்திகளைப் பெயர்கள் இடப்புறத்திலும், விலைகள் வலப்புறத்திலுமாக, ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தி எழுதியிருந்தால் அத்தடுமாற்றம் நேராது. செய்தி ஒன்றே; நிறுத்திய முறைதான் வேறு. அம்முறை வேறுபாடே பிழைக்கும் திருத்தத்திற்கும் இடையே நிற்கிறது.

இவ்வாறு அமைந்த அட்டவணையில் இடமிருந்து வலமாகச் செல்லும் வரியை நிரை என்றும், மேலிருந்து கீழாகச் செல்லும் வரிசையை நிரல் என்றும் கணக்கு நூலார் கூறுவர். நிரை ஒரு பொருளைப் பற்றிய செய்திகள் அனைத்தையும் சேர்த்துக் காட்டும். நிரல் பல பொருள்களின் ஒரே தன்மையை ஒப்பிட்டுக் காட்டும். ஒப்பிடுதலே அறிவின் தொடக்கம் ஆதலால், நிரலின் பயன் பெரிது.

பழமையும் பொறியும்

நிரல்பட எழுதும் வழக்கம் மிகவும் தொன்மையானது. இன்றைய ஈராக்கு நாட்டின் தென்பகுதியில் ஏறத்தாழ 3,800 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனியர் எழுதிய களிமண் பலகை ஒன்று, அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. ‘பிளிம்டன் 322’ என்பது அதற்கு அறிஞர் இட்ட பெயர். உள்ளங்கையில் அடங்கும் அச்சிறு பலகையில் 15 நிரைகளும் 4 நிரல்களும் உள்ளன. செங்கோண முக்கோணங்களைச் சார்ந்த எண்கள் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு நிரலுக்கும் தலைப்பு உண்டு. கடைசி நிரலில் நிரைகளின் வரிசை எண்கள் வரையப்பட்டுள்ளன. ஈர மண்ணில் கோல் கொண்டு எழுதியவரும், படிப்பவர் கண்ணுக்கு வழிகாட்ட வேண்டும் என்பதை மறக்கவில்லை.

கையால் எழுதுபவர் இடத்தைக் கண்ணால் அளந்து எழுதுவார். எண் பெரிதானால் சற்று நெருக்கி எழுதுவார். சிறிதானால் சற்றுத் தள்ளித் தொடங்குவார். பொறிக்குக் கண் இல்லை. அதற்கு எண்ணிக்கை ஒன்றே தெரியும். ஆகவே பொறி எழுதத் தொடங்கியபோது, இடத்தை எண்ணி அளக்கும் முறை ஒன்று வேண்டியதாயிற்று.

தட்டச்சுப் பொறி அம்முறையை எளிதாக அமைத்துத் தந்தது. அதில் எந்த விசையை அழுத்தினாலும், தாளைத் தாங்கிய வண்டி ஒரே அளவு தூரம் நகரும். ஓர் அங்குலத்திற்குப் பத்து எழுத்து அல்லது பன்னிரண்டு எழுத்து என்பது வழக்கம். ஆங்கில எழுத்துகளில் ‘ஐ’ ஒடுங்கியது, ‘எம்’ அகன்றது. ஆயினும் தட்டச்சுப் பொறியில் இரண்டிற்கும் ஒரே அளவான இடமே உண்டு. அதனால் சிறிய ‘ஐ’ எழுத்தின் அடியில் அகன்ற கோடு இட்டு, இடத்தை நிரப்பினர். இவ்வாறு தாள் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத சமக் கட்டங்களாகப் பிரிந்தது. கட்டங்களை எண்ணத் தெரிந்தவர் எவரும் நிரல்களை நேராக நிறுத்த இயன்றது.

கணிப்பொறிக்கு முன்னோடியாக விளங்கிய துளை அட்டைகளிலும் இக்கட்டங்களே இருந்தன. 1890ஆம் ஆண்டில் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் என்பவர் துளை அட்டைகளைப் பயன்படுத்தினார். 1928ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் 80 நிரல்கள் கொண்ட அட்டையை வெளியிட்டது. அவ்வெண் நிலைபெற்றுவிட்டது. அரை நூற்றாண்டு கழித்து, 1978ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வி.டி. 100’ என்னும் புகழ்பெற்ற கணிப்பொறி முனையத்தின் திரையிலும் ஒரு வரிக்கு 80 கட்டங்களே வழக்கமாக இருந்தன.

கட்டளை வரி

கணிப்பொறியோடு எழுத்தின் வாயிலாகவே உரையாடும் முறைக்குக் கட்டளை வரி என்று பெயர். அதில் படங்கள் இல்லை. தொட்டு இயக்கும் பொத்தான்கள் இல்லை. பயனர் ஒரு கட்டளையை எழுத்தால் எழுதுகிறார். கணிப்பொறி எழுத்தாலேயே விடை கூறுகிறது. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வகத்தில் 1969ஆம் ஆண்டில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் ‘யூனிக்ஸ்’ என்னும் இயக்க முறையை உருவாக்கத் தொடங்கினர். அவர்கள் பயன்படுத்திய பொறிகளுள் ஒன்று ‘டெலிடைப் 33’ என்பது. அது நொடிக்குப் பத்து எழுத்துகள் வீதம் தாளில் அடித்து விடை தரும். ஒரு வரியில் 72 எழுத்துகள் அடங்கும். தட்டச்சுப் பொறியின் கட்டங்கள் இவ்வாறு கணிப்பொறிக்கும் உரிமையாயின. இன்று தாள் போய்த் திரை வந்துவிட்டது. ஆயினும் கட்டளை வரியின் திரை இன்றும் சமக் கட்டங்களால் ஆனதே. மென்பொருள் எழுதுவோரும், ஆய்வாளரும், பெருங்கணிப்பொறிகளைக் காப்போரும் இன்றும் நாள்தோறும் இம்முறையைக் கையாளுகின்றனர்.

அவர்கள் முன் வந்து நிற்கும் விடைகள் பெரும்பாலும் பட்டியல்களே. எந்தக் கோப்பு எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, எந்தப் பணி எவ்வளவு நேரமாக நடைபெறுகிறது என்பன போன்ற பட்டியல்களைப் பார்த்தே அவர்கள் முடிவு செய்கின்றனர். பட்டியல் கோணலாக இருந்து, ஓர் எண் அடுத்த நிரலுக்கு உரியது போலத் தோன்றுமானால், நீக்கத் தகாத கோப்பு நீக்கப்படலாம். நிறுத்தத் தகாத பணி நிறுத்தப்படலாம். ஆகவே நிரல்பட நிறுத்துதல் வெறும் அழகுக்காக அன்று. அது பிழை தவிர்க்கும் காவல் ஆகும்.

எண்ணும் சொல்லும்

நிரலில் எதனை எப்பக்கமாக ஒட்டி நிறுத்துவது என்பதற்கு ஓர் இயல்பான விதி உண்டு. சொற்களை இடப்பக்கமாகவும், எண்களை வலப்பக்கமாகவும் ஒட்டி நிறுத்த வேண்டும். இதற்குக் காரணம் யாது? சொல்லை முதல் எழுத்திலிருந்து படிக்கிறோம். முதல் எழுத்துகள் ஒரே நேர்க்கோட்டில் நின்றால், கண் தேடும் சொல்லை எளிதில் கண்டுகொள்கிறது. எண்ணின் மதிப்போ ஒன்றின் இடத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. ஒன்றின்கீழ் ஒன்றும், பத்தின்கீழ்ப் பத்தும், நூற்றின்கீழ் நூறும் நின்றால்தான் பெரியது எது, சிறியது எது என்பது பார்த்த அளவில் விளங்கும்.

புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன் ஆகிய ஐந்து கோள்களின் விட்டத்தைக் கிலோமீட்டரில் எடுத்துக்கொள்வோம். இடப்பக்கமாக ஒட்டினால் அவை இவ்வாறு நிற்கும்:

4879
12104
12756
6792
142984

இங்கே 6792 என்பதன் முதல் இலக்கம் மற்றவற்றின் முதல் இலக்கங்களைவிடப் பெரிதாக முன்னே நிற்கிறது. விரைந்து பார்ப்பவர் செவ்வாயைப் பூமியினும் பெரிதென்று மயங்கக்கூடும். இனி, வெற்றுக் கட்டம் ஒன்றிற்கு ஒரு புள்ளி வீதம் இட்டு, அதே எண்களை வலப்பக்கமாக ஒட்டிப் பார்ப்போம்:

..4879
.12104
.12756
..6792
142984

இப்போது எண்ணின் நீளமே அதன் பெருமையைக் காட்டுகிறது. வியாழன் ஏனையவற்றினும் மிகப் பெரிது என்பதைப் படிக்காமலே கண் அறிந்துகொள்கிறது. பின்ன எண்களாயின், எல்லா எண்களுக்கும் புள்ளிக்குப் பின் ஒரே அளவான இலக்கங்கள் எழுதினால், புள்ளிகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கும்.

கட்டம் போதாதபோது

ஒவ்வொரு நிரலுக்கும் இத்தனை கட்டங்கள் என்று முன்னதாகவே வரையறுத்துக்கொள்வது எளிய வழி. 1957ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஃபோர்ட்ரான்’ என்னும் கணிப்பொறி மொழியில், எண்ணை எத்தனை கட்டங்களில் எழுத வேண்டும் என்று கூறுவதற்கெனத் தனி ஆணை இருந்தது. பின்னர் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய ‘சி’ மொழியிலும் அத்தகைய வசதி உண்டு. ஐந்து கட்டம் என்று கூறினால், மூன்று இலக்க எண்ணுக்கு முன் இரண்டு வெற்றுக் கட்டங்களைப் பொறியே இட்டு நிரப்பும்.

ஆனால் ஐந்து கட்டங்களில் வியாழனின் ஆறு இலக்க எண் வந்து நின்றால் என் செய்வது? இவ்வினாவிற்கு இரு மொழிகளும் இரு வேறு விடைகள் கூறுகின்றன. ஃபோர்ட்ரான் எண்ணை எழுத மறுத்து, ஐந்து கட்டங்களிலும் உடுக்குறிகளை இட்டுவிடும். நிரல் கோணாது, ஆனால் செய்தி மறைந்துவிடும். சி மொழி எண்ணை முழுமையாக எழுதும். செய்தி நிற்கும், ஆனால் அந்த நிரை மட்டும் ஒரு கட்டம் வலப்புறம் தள்ளிப்போகும். ஒன்று ஒழுங்கைக் காத்தது. மற்றொன்று உண்மையைக் காத்தது. இரண்டிலும் குறை உண்டு எனினும், இரண்டும் நேர்மையானவை. எண் அடங்கவில்லை என்பதை இரண்டும் படிப்பவருக்கு மறைக்காமல் அறிவிக்கின்றன.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அடங்காத இலக்கத்தை வெட்டிவிடுவது. நிரலும் கோணாது, கட்டமும் நிரம்பும். ஆனால் 142984 என்பது 14298 என்று நிற்கும். படிப்பவர் வியாழனைப் பூமியினும் சற்றே பெரிய கோள் என்று எண்ணிக்கொள்வார். பிழை நேர்ந்தது என்பதற்கு அடையாளமும் இராது. இவ்வழி தகாது. பெயர்களைச் சுருக்க நேர்ந்தால், சுருக்கினோம் என்பதைக் காட்ட இறுதியில் மூன்று புள்ளிகள் இடுவது நல்லோர் வழக்கம். எண்களை வெட்டுவதோ எக்காலத்தும் ஆகாது. ஒழுங்கிற்காக உண்மையைக் குறைப்பது ஒழுங்கு ஆகாது.

முன்னதாக வரையறுக்காமல், அகலத்தைச் செய்தியிலிருந்தே அறிந்துகொள்ளும் வழியும் உண்டு. மென்பொருள் முதலில் எல்லா நிரைகளையும் படிக்கும். ஒவ்வொரு நிரலிலும் மிக நீண்ட உறுப்பு எது என்று கண்டு, அதன் அகலத்தைக் குறித்துக்கொள்ளும். பின்பு முதல் நிரையிலிருந்து தொடங்கி, குறைகின்ற இடங்களில் வெற்றுக் கட்டங்களை இட்டு எழுதிக்கொண்டே வரும். 1990ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி யூனிக்ஸ் பதிப்பில் இடம்பெற்ற ஒரு கட்டளை, அட்டவணை அமைக்கும்போது இவ்வழியையே பின்பற்றுகிறது. நிரல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே அதன் பெயர்.

இவ்வழியில் எண் அடங்காமல் போவது இல்லை. ஆனால் கடைசி நிரையைப் படித்து முடிக்கும் வரை முதல் நிரையை எழுத இயலாது. மிக நீண்ட உறுப்பு இறுதியில் வரக்கூடும் அன்றோ? ஆகவே முடிவின்றி வந்துகொண்டே இருக்கும் செய்திகளுக்கு இவ்வழி பயன்படாது. உடனே எழுத வேண்டுமாயின் அகலத்தை ஊகிக்க வேண்டும். சரியாக எழுத வேண்டுமாயின் காத்திருக்க வேண்டும். விரைவும் திருத்தமும் ஒருங்கே கிடைப்பது அரிது.

தாவல் விசையின் வரம்பு

தட்டச்சுப் பொறியிலிருந்து வந்த தாவல் விசையே போதும் என்று கருதுவோரும் உளர். அவ்விசையை அழுத்தினால் எழுதும் இடம் அடுத்த நிறுத்தத்திற்குத் தாவிச் செல்லும். யூனிக்ஸ் வழக்கில் எட்டுக் கட்டங்களுக்கு ஒரு நிறுத்தம் உண்டு. மாதங்களின் பெயர்களை ஆங்கில எழுத்துகளில் எழுதி, தாவல் விசையை அழுத்தி, அடுத்து ஓர் எண்ணை எழுதினால் என்ன நேரும் என்று பார்ப்போம். மே மாதத்திற்கு மூன்று எழுத்து. ஜனவரிக்கும் அக்டோபருக்கும் ஏழு எழுத்து. இவற்றின் எண்கள் முதல் நிறுத்தத்தில் நேராக நிற்கும். பிப்ரவரி, நவம்பர், டிசம்பர் ஆகியவற்றிற்கு எட்டு எழுத்து. செப்டம்பருக்கு ஒன்பது எழுத்து. இவை முதல் நிறுத்தத்தை எட்டிவிட்டன அல்லது கடந்துவிட்டன. ஆதலால் அவற்றின் எண்கள் இரண்டாம் நிறுத்தத்திற்குத் தாவிவிடும். எட்டு மாதங்கள் ஒரு நிரலிலும், நான்கு மாதங்கள் மற்றொரு நிரலிலுமாக அட்டவணை பிளவுபடும். தாவல் விசை நீளத்தை எண்ணுவதில்லை. அடுத்த நிறுத்தத்தை மட்டுமே தேடுகிறது. எண்ணாமல் நிறுத்துவது எப்போதும் நேராக நிற்காது.

கண்ணுக்கு ஒன்று, பொறிக்கு ஒன்று

கட்டளை வரியில் ஒரு கட்டளையின் விடையை மற்றொரு கட்டளைக்கு உணவாகத் தருவது உண்டு. அப்போது படிப்பது மனிதர் அன்று, மற்றொரு மென்பொருள். மனிதருக்கு உதவும் வெற்றிடம் மென்பொருளுக்கு இடையூறாக முடிவது உண்டு. ஊர்ப் பெயரையும் ஓர் எண்ணையும் வெற்றிடத்தால் பிரித்து எழுதிய பட்டியலில் ‘புது டெல்லி’ என்ற பெயர் வந்தால், ‘புது’ என்பதைப் பெயராகவும், ‘டெல்லி’ என்பதை எண்ணாகவும் மென்பொருள் கொள்ளும். கண் நொடியில் உணரும் வேறுபாட்டைப் பொறி உணராது.

ஆதலால் அறிந்தோர் செய்தியை ஒரு வகையாகவும், காட்சியை மற்றொரு வகையாகவும் வைத்துக்கொள்வர். செய்தியைச் சேமிக்கும்போது, காற்புள்ளி, முக்காற்புள்ளி போன்ற ஐயமற்ற குறியால் உறுப்புகளைப் பிரிப்பர். யூனிக்ஸ் முறையில் பயனர்களின் பட்டியல் முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்டிருப்பது இதற்குச் சான்று. மனிதர் பார்க்கும் இறுதி நேரத்தில் மட்டும் அதனை நிரல்பட நிறுத்திக் காட்டுவர். கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்-எஸ்’ என்னும் கட்டளை இந்நுட்பத்தைத் தானே அறிந்து நடக்கிறது. விடை திரைக்குச் செல்லுமாயின் பெயர்களைப் பல நிரல்களாக அடுக்கிக் காட்டுகிறது. மற்றொரு கட்டளைக்குச் செல்லுமாயின் வரிக்கு ஒரு பெயர் வீதம் எழுதித் தருகிறது. எதிரே இருப்பவர் யார் என்று அறிந்து பேசும் பண்பு இது.

தமிழ் எழுத்தும் கட்டமும்

இதுவரை கூறியன யாவும் ஓர் எழுத்திற்கு ஒரு கட்டம் என்னும் உடன்பாட்டின்மேல் அமைந்தவை. ஆங்கில எழுத்துகளுக்கு அவ்வுடன்பாடு பொருந்தியது. 1963ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ‘ஆஸ்கி’ என்னும் குறியீட்டு முறையில் 128 இடங்களே இருந்தன. அதில் ஓர் எழுத்துக்கு ஓர் எண். அவ்வெண்ணுக்கு நினைவகத்தில் ஒரு பைட். திரையில் ஒரு கட்டம். எழுத்தை எண்ணினாலும், பைட்டை எண்ணினாலும், கட்டத்தை எண்ணினாலும் ஒரே தொகை வந்தது. ஆகவே இம்மூன்றும் ஒன்றே என்று பலர் எண்ணிப் பழகிவிட்டனர்.

உலக மொழிகளின் எழுத்துகள் அனைத்தையும் அடக்கும் ஒருங்குறி 1991ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, தமிழும் அதில் இடம்பெற்றது. மறு ஆண்டில் கென் தாம்சனும் ராப் பைக்கும் அக்குறியீடுகளைப் பைட்டுகளாக எழுதும் ‘யூ.டி.எஃப்-8’ என்னும் முறையை வகுத்தனர். நியூஜெர்சியில் ஓர் உணவுச்சாலையில், தட்டின் அடியில் விரித்திருந்த தாளில் அம்முறை வரையப்பட்டது என்பர். அம்முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டும், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றிற்கும் மூன்று பைட்டுகளும் ஆகின்றன.

‘தமிழ்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இதில் உள்ள எழுத்துகள் எத்தனை? த, மி, ழ் என மூன்று என்று தொடக்கப் பள்ளி மாணவரும் கூறுவர். ஒருங்குறியோ இதனைத் தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறியீடுகளாக வைத்திருக்கிறது. அவ்வைந்தும் யூ.டி.எஃப்-8 முறையில் பதினைந்து பைட்டுகள் ஆகின்றன. திரையின் அகலத்தை அளக்கும் பல கருவிகள், மேலே அமரும் புள்ளிக்கு இடம் இல்லை என்றும், பக்கத்தில் அமரும் இகரக் குறிக்கு ஒரு கட்டம் உண்டு என்றும் கொண்டு, நான்கு கட்டங்கள் என்று கூறுகின்றன. மூன்று, நான்கு, ஐந்து, பதினைந்து: ஒரே சொல்லுக்கு நான்கு அளவுகள்! எதனை எண்ணி நிறுத்துவது?

சி மொழியின் பழைய எழுதும் முறை பைட்டுகளை எண்ணுகிறது. கோள்களின் பெயர்களைத் தமிழில் எழுதி, பெயருக்கு இருபது இடம் என்று அதற்குக் கூறினால் விளைவு விந்தையாக இருக்கும். ‘பூமி’ என்பதற்குப் பன்னிரண்டு பைட்டு. எனவே எட்டு வெற்றிடம் இடும். ‘புதன்’ என்பதற்குப் பதினைந்து பைட்டு; எனவே ஐந்து வெற்றிடம் இடும். ‘செவ்வாய்’ என்பதற்கு இருபத்து நான்கு பைட்டு. இடம் முன்னமே நிரம்பிவிட்டது என்று கருதி, வெற்றிடமே இடாது. திரையில் செவ்வாயின் எண் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். பூமியின் எண்ணுக்கு முன்னே வீணான இடைவெளி நிற்கும். ஆங்கிலத்தில் நேராக நிற்கும் அட்டவணை தமிழில் கோணுவதற்குக் காரணம் தமிழ் எழுத்தின் குறை அன்று. எண்ணியவர் எண்ணத் தகாததை எண்ணியதே.

இத்தகைய சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதும் அன்று. சீன எழுத்துகளின் அகலம் கருதி, ஒவ்வொன்றிற்கும் இரண்டு கட்டங்கள் தருவது வழக்கமாகியுள்ளது. இச்சிக்கல் முற்றிலும் புதியதும் அன்று. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்க முனைந்தபோதே, எழுத்துகள் பலவற்றைச் சில விசைகளில் அடக்கும் சிக்கலை எதிர்கொண்டார். தமிழில் உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் ஆகியவை சேர்ந்து 247 எழுத்துகள். ஒவ்வொன்றிற்கும் ஒரு விசை அமைத்தல் இயலாது. ஆகவே தமிழ்த் தட்டச்சுப் பொறியில் நகரா விசைகள் இடம்பெற்றன. புள்ளி போன்ற குறியை அழுத்தினால், குறி தாளில் பதியும், வண்டி நகராது. அடுத்து மெய்யெழுத்தின் வடிவை அழுத்தும்போது இரண்டும் ஒரே கட்டத்தில் அமர்ந்து ஓர் எழுத்தாகும். இடம் கொள்ளாத குறி என்று இன்று கணிப்பொறியாளர் வகுப்பதை, இரும்பு விசை அன்றே செய்து காட்டியது.

ஆயினும் தட்டச்சுப் பொறிக்கும் கணிப்பொறிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தட்டச்சுப் பொறியில் எண்ணுவதும் எழுதுவதும் ஒரே பொறி. கட்டளை வரியில் எண்ணுவது ஒரு மென்பொருள்; திரையில் வரைவது முனையம் என்னும் மற்றொரு மென்பொருள். ‘மி’ என்பதற்கு ஒரு கட்டம் என்று முன்னது எண்ணி, இரண்டு கட்டம் என்று பின்னது வரைந்தால் நிரல் கோணும். இருவரும் ஒரு கட்டம் என்றாலும் நேராக நிற்கும். இருவரும் இரண்டு என்றாலும் நேராக நிற்கும். ஆகவே நேர்நிரலின் அடிப்படை அளவு அன்று, அளவில் உடன்பாடு. சந்தையில் விற்பவரும் வாங்குபவரும் ஒரே படியால் அளந்தால் வழக்கு எழாது. இருவரும் வெவ்வேறு படி வைத்திருந்தால் நெல் நல்லதாயினும் வழக்கு எழும்.

இவ்வுடன்பாடு தமிழுக்கு இன்னும் முழுமையாக அமையவில்லை. ஒரு முனையத்தில் நேராக நிற்கும் தமிழ் அட்டவணை, மற்றொரு முனையத்தில் கோணலாகத் தோன்றுகிறது. குறியீடுகளைத் தனித்தனியே எண்ணாமல், படிப்பவர் ஓர் எழுத்து என்று கொள்ளும் தொகுதியை எண்ணுவதற்கான விதிகளை ஒருங்குறி அமைப்பு வகுத்துள்ளது. அவ்விதிகளின்படி எண்ணினால் ‘தமிழ்’ என்பதற்கு மூன்று என்ற விடையே வரும். ஆனால் ‘ணௌ’ போன்ற அகன்ற எழுத்தை ஒரு கட்டத்தில் அடக்க இயலுமா, ‘ர’ போன்ற ஒடுங்கிய எழுத்துக்கு எத்தனை கட்டம் தருவது என்னும் வினாக்கள் எஞ்சி நிற்கின்றன. எழுத்துரு வரைவோரும், முனையம் அமைப்போரும், மென்பொருள் எழுதுவோரும் ஒரே முடிவுக்கு வரும்போதுதான் அவை தீரும்.

இது சிறிய செய்தி போலத் தோன்றலாம். ஆனால் ஒரு மாணவர் தம் தாய்மொழியில் தம் பெயரைக் கணிப்பொறிக்குத் தந்து, அது பட்டியலைக் குலைப்பதைக் கண்டால், குறை தம் மொழியில் உள்ளது என்று எண்ணிப் பெயரை ஆங்கிலத்தில் எழுதத் தொடங்குவார். பலர் அவ்வாறு செய்யின், மொழி ஒரு துறையிலிருந்து ஓசையின்றி விலகிவிடும். அவ்வாறு நேராமல் காக்க வல்லவர், எழுத்தின் இலக்கணத்தையும் பொறியின் கணக்கையும் ஒருங்கே கற்றவரே. தமிழ் எழுத்தில் எது உயிர்க்குறி, எது புள்ளி, எது முழு எழுத்து என்பதை அறிந்தவரே அதனைச் சரியாக எண்ணும் மென்பொருளை எழுத இயலும்.

களிமண் பலகையில் கோல் பிடித்தவர் முதல் இன்று கட்டளை வரியில் மென்பொருள் எழுதுபவர் வரை, நிரல்பட நிறுத்தியவர் அனைவரும் படிப்பவருடைய உழைப்பைத் தம் உழைப்பால் குறைத்தவர்கள். அளவறிந்து இடம் விடுதல், உண்மையை வெட்டாது காத்தல், ஒரே அளவுகோலுக்கு உடன்படுதல் ஆகிய மூன்றுமே அவர்கள் கலையின் விதிகள். எண்ணத் தக்கதை எண்ணி நிறுத்தினால், எம்மொழி எழுத்தும் நேராகவே நிற்கும்.